‘போன வாரம்தான் டேங்க் காலி செய்தோம்’ என்று விற்பவர் சொன்னால்

கேள்வி இதுதான்: பாதாள சாக்கடை இணைப்பு இல்லாத, செப்டிக் டேங்க் உள்ள ஒரு வீட்டை வாங்கப் போகிறீர்கள். “போன வாரம்தான் லாரி வரவழைத்து டேங்கைக் காலி செய்தோம், இனி சில வருடத்துக்குக் கவலையே இல்லை” என்கிறார் விற்பவர். அது போதுமா? வேறு என்ன பார்க்க வேண்டும்? சட்டப்படி இதில் யார் பொறுப்பு?

போதாது. சொல்லப்போனால், விற்பனைக்குச் சற்று முன்பு காலி செய்யப்பட்ட டேங்க்தான் எனக்கு அதிகக் கவலை தரும். விற்பவர் நல்லெண்ணத்தோடுகூடச் செய்திருக்கலாம். ஆனால் அந்த லாரியோடு சேர்ந்து, ஆய்வு செய்பவர் பார்க்க வேண்டிய அடையாளங்களில் பாதி போய்விட்டன. அது ஏன் என்று புரிய, இந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் முதலில் தொட்டிக்குள் விழுகிறது. கனமானவை அடியில் கசடாகத் தங்கும். எண்ணெயும் கொழுப்பும் மேலே ஏடாகப் படரும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர், மறுமுனையில் உள்ள, ஆங்கில ‘T’ எழுத்து வடிவிலான டீ குழாய் வழியாக வெளியேறும். ஒரு வீடு ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த வெளிக்குழாயின் அடிமட்டம் வரை தொட்டியில் எப்போதும் நீர் நிற்கும். அதுதான் சரியான நிலை. டேங்க் நிரம்பியிருக்கிறது என்றாலே கோளாறு என்று பலர் பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. வெளியேறிய நீர் அப்புறம் மண்ணில் இறங்க வேண்டும். சில வீடுகளில் அதற்கு உறிஞ்சுகுழி இருக்கும், சில வீடுகளில் சரளைக்கல்லுக்கு நடுவே துளைக் குழாய்கள் பதித்திருப்பார்கள். இங்கே எல்லாவற்றையும் சேர்த்து உறிஞ்சு நிலம் என்றே சொல்கிறேன்.

கிருமிகளைப் பிடித்து நிறுத்துவதும் நீரைச் சுத்தம் செய்வதும் பெரும்பாலும் அந்த மண்தான். தொட்டி செய்வது கசடைப் பிரித்து வைப்பது மட்டும். செலவும் அப்படியே. டீ குழாய் உடைந்தால் மாற்றுவது சின்ன வேலை. மூடி விரிசல் விட்டால் புது மூடி போடலாம். தொட்டியே போனாலும் வேறு தொட்டி இறக்கலாம். ஆனால் பல வருடம் கசடு கலந்த நீர் போய் மண்ணின் துளைகள் அடைத்துக்கொண்டால், பெரும்பாலும் வேறு இடத்தில் புதிதாக உறிஞ்சு நிலம் அமைக்க வேண்டியிருக்கும். அதற்கு மனையில் இடம் வேண்டும், அனுமதி வேண்டும், மண் ஒத்துழைக்க வேண்டும். ஆகவே உங்கள் கேள்வி டேங்க் சுத்தமாக இருக்கிறதா என்பது அல்ல. மண் இன்னும் நீரை ஏற்றுக்கொள்கிறதா என்பதுதான்.

இதைச் சொல்லிக்கொடுப்பது தொட்டியின் நீர்மட்டம். வெளிக்குழாயின் மட்டத்துக்கு மேலே நீர் நின்றால், ஒன்று குழாய் அடைத்திருக்கிறது, இல்லையென்றால் மண் ஏற்றுக்கொள்ளவில்லை. அந்த மட்டத்துக்குக் கீழே நின்றால் தொட்டி கசிகிறது. காலி செய்த தொட்டியில் இந்த இரண்டையும் பார்க்க முடியாது. சுமார் 3,800 லிட்டர் கொள்ளும் ஒரு தொட்டி, நான்கு பேர் புழங்கும் வீட்டில் மறுபடி நிரம்பவே ஒரு வாரம் வரை ஆகலாம். அதுவரை மண்ணுக்கு ஒரு சொட்டுகூடப் போகாது. திணறிக்கொண்டிருந்த உறிஞ்சு நிலமும் அந்த ஓய்வில் கொஞ்சம் தேறிவிடும். பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும்.

அதனால் விற்பவரிடம் சண்டை போட வேண்டாம். காலி செய்ததற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சம்மதத்தோடு லாரிக்காரரிடமே பேசுங்கள். அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது வெளிக்குழாயிலிருந்து நீர் தொட்டிக்குள் திரும்பி ஓடி வந்ததா? வந்தது என்றால், வெளியே நிலம் நீரால் நிறைந்து நிற்கிறது என்று அர்த்தம். பிறகு, வீட்டில் வழக்கம்போல் ஆட்கள் புழங்கிச் சில வாரம் ஆன பிறகு முறையான ஆய்வுக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

முறையான ஆய்வு என்றால் என்ன? இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். வீடு வாங்குமுன் பொதுவாக வீட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை தரும் ஆய்வாளர், பெரும்பாலும் நாலு முறை ஃப்ளஷ் செய்து, குழாயைத் திறந்துவிட்டு, “வடிகால் சரியாக வேலை செய்கிறது” என்று எழுதிவிடுவார். அது கழிப்பறைக் குழாய்க்கான சோதனை. கழிவுநீர் அமைப்பை ஆய்வு செய்ய மூடியைத் திறந்தாக வேண்டும், அதுவும் உள்ளே வரும் பக்கம், வெளியே போகும் பக்கம் என இரண்டையும்.

நல்ல ஆய்வாளர் மூடியைத் திறந்ததும் டார்ச்சை நீரின் மேல் அடிப்பதற்கு முன்னால் சுவரில் அடிப்பார். வெளிக்குழாயின் மட்டத்துக்கு மேலே, சுவரைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறதா என்று பார்ப்பார். டீ குழாயின் உச்சியில் காய்ந்த காகிதத் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பார். இன்று மட்டம் சரியாக இருந்தாலும், முன்பு எப்போதோ நீர் அதுவரை ஏறி நின்றிருக்கிறது என்பதற்கு அவை அடையாளம். அப்புறம் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள கான்கிரீட்டைக் குத்திப் பார்ப்பார். கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு, ஈரச் சுவரில் கந்தக அமிலமாக மாறி கான்கிரீட்டை அரிக்கும். வெளியே கெட்டியாகத் தெரியும் இடம் குத்தினால் உதிரும். பழைய தொட்டிகளில் டீ குழாய்க்குப் பதிலாக, ஏட்டை வெளியே போகவிடாமல் நிறுத்தும் கான்கிரீட் தடுப்பு இருக்கும்; அது இப்படியே கரைந்து உள்ளே விழுந்து கிடப்பது உண்டு. தடுப்பு இல்லாத தொட்டி, மேலே மிதக்கும் ஏட்டை நேராக மண்ணுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். நிலம் கெடுவதன் ஆரம்பம் அதுதான்.

அதன் பிறகு கசடையும் ஏட்டையும் அளப்பார். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் அளவு எங்கும் பயன்படும்: ஏட்டின் அடிப்பகுதி வெளிக்குழாய்க்கு 6 அங்குலத்துக்குள் வந்துவிட்டாலோ, கசடின் மேற்பகுதி 12 அங்குலத்துக்குள் ஏறிவிட்டாலோ காலி செய்ய வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு 3 முதல் 5 வருடத்துக்கு ஒரு முறை காலி செய்வது வழக்கம். பிறகு வீட்டுக்குள் தண்ணீரை ஓடவிட்டு மட்டம் ஏறுகிறதா என்று கவனிப்பார். உறிஞ்சு நிலத்துக்கு நீரைப் பிரித்தனுப்பும் பெட்டி இருந்தால் அதையும் திறப்பார். எல்லாம் பார்த்த பிறகுதான் லாரி. அதுவும் அவர் பக்கத்தில் நிற்கும்போதே. இந்த வரிசை முக்கியம்: முதலில் பார்வை, அப்புறம் உறிஞ்சுதல்.

சாயம் கரைத்து ஊற்றிப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். புல்வெளியில் சாயம் வெளிவந்தால் அமைப்பு கெட்டிருக்கிறது, சரி. வராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது. தொட்டியின் முழு நீரையும் கடந்து சாயம் மண்ணை எட்டவே நாட்கள் பிடிக்கும்.

பல மாதம் பூட்டிக் கிடந்த வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. ஆள் இல்லாத காலத்தில் மண் காய்ந்து, எந்தச் சோதனையிலும் நன்றாகத் தெரியும். நீங்கள் குடும்பத்தோடு குடிபோய்த் துணி துவைத்து, குளித்துப் புழங்க ஆரம்பித்ததும் சில மாதத்தில் உண்மை தெரியவரும். அத்தகைய வீட்டுக்கு ஆய்வு அறிக்கையை மட்டும் நம்பாமல், பழைய பதிவுகளைத் தோண்டி எடுங்கள்.

அந்தப் பதிவுகள் பெரும்பாலும் உள்ளூர் சுகாதார அலுவலகத்திலோ கட்டட அனுமதி தரும் அலுவலகத்திலோ இருக்கும். அமைப்பின் வரைபடம், அனுமதி தந்த வருடம், எத்தனை படுக்கையறைக்கு அனுமதி என்பவை அதில் இருக்கும். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் அல்ல. பல இடங்களில் கழிவுநீர் அமைப்பின் அளவைக் கணக்கிடுவது கழிப்பறை எண்ணிக்கையை வைத்து அல்ல, படுக்கையறை எண்ணிக்கையை வைத்து. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 110 கேலன் (சுமார் 416 லிட்டர்) கழிவுநீர் என்று கணக்கு. மூன்று படுக்கையறைக்கு அனுமதி வாங்கிவிட்டு, பிறகு மாடியில் இரண்டு அறை எழுப்பி, “ஐந்து படுக்கையறை வீடு” என்று விற்பனைக்கு வரும் வீடுகள் உண்டு. அந்த வீட்டின் விலை ஐந்துக்கு, மண்ணின் சக்தி மூன்றுக்கு. விளம்பரத்தையும் அனுமதித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பதிவுகளோடு மனையையும் பார்க்க வேண்டும். உறிஞ்சு நிலம் எங்கே இருக்கிறது? அதன்மேல் கார் நிறுத்துகிறார்களா, கொட்டகை போட்டிருக்கிறார்களா, பெரிய மரம் இருக்கிறதா? மழையில்லாத நாளிலும் அங்கே தரை சொதசொதவென்று இருக்கிறதா, அந்த இடத்தில் மட்டும் புல் கரும்பச்சையாகத் தழைத்திருக்கிறதா? கூரையின் மழைநீர்க் குழாய் தொட்டியோடு இணைக்கப்பட்டிருக்கிறதா? (அப்படி இருந்தால் உடனே பிரிக்க வேண்டும்.) தொட்டியோ உறிஞ்சு நிலமோ பக்கத்து மனைக்குள் இருக்கிறதா, அல்லது இரண்டு வீட்டுக்குப் பொதுவா? அப்படியானால் அந்த உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். இப்போதைய பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர் என்பது, நாளை அந்த வீட்டை வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றைய உறிஞ்சு நிலம் கெட்டுப்போனால் புதிதாக அமைக்க மனையில் வேறு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கிணறு, ஓடை, எல்லைச்சுவர், வீட்டின் அஸ்திவாரம் ஆகியவற்றிலிருந்து விதிப்படி விட வேண்டிய தூரங்களைக் கழித்த பிறகும் இடம் மிச்சம் இருந்தால், எவ்வளவு பழைய அமைப்பானாலும் வழி இருக்கிறது. இல்லையென்றால், இன்று நன்றாக ஓடும் அமைப்பும் எனக்குத் தயக்கமே தரும். வாங்குபவர்கள் அநேகமாகக் கேட்காத கேள்வி இது. நான் முதலில் கேட்பது இதைத்தான்.

வீட்டுக்குக் கிணற்று நீர்தான் என்றால், கிணற்று நீரில் கோலிஃபார்ம் பாக்டீரியாவும் நைட்ரேட்டும் சோதிக்காமல் முன்பணம் தர வேண்டாம். நைட்ரேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும் ஆபத்து உண்டு. நைட்ரேட் கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும்.

இன்னொரு விஷயம். “செப்டிக் டேங்க்” என்று சொல்லப்படுவதெல்லாம் செப்டிக் டேங்க் அல்ல. அடியில் தளம் போடாமல், சுவரில் இடைவெளி விட்டுக் கட்டி, எல்லாக் கழிவையும் நேராக மண்ணுக்குள் விடும் குழிகள் பல இடங்களில் இன்னும் இருக்கின்றன. “எங்கள் டேங்க் முப்பது வருடமாக நிரம்பவே இல்லை” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். சட்டங்கள் அதிகம் கைவைப்பதும் இத்தகைய குழிகள் மீதுதான்.

சரி, சட்டம். ஊருக்கு ஊர் மாறும் என்பதால், உங்கள் இடத்தில் என்ன விதி என்பதை உள்ளூர் அலுவலகத்தில் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். எந்தெந்த மாதிரி விதிகள் இருக்கக்கூடும் என்பதைச் சில உதாரணங்களால் காட்டுகிறேன்.

விற்குமுன் ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்பது ஒரு வகை. மாசசூசெட்ஸில் ‘டைட்டில் 5’ என்ற விதிப்படி, கைமாறுவதற்கு முந்தைய 2 வருடத்துக்குள் ஆய்வு நடந்திருக்க வேண்டும். வருடாவருடம் காலி செய்ததற்குப் பதிவு இருந்தால் 3 வருடம் வரை செல்லும். தரை உறைந்து தோண்ட முடியாத காலமானால், கைமாறிய 6 மாதத்துக்குள் செய்யலாம். அங்கே விற்பனைக்கான ஆய்வின் அறிக்கை உள்ளூர் சுகாதார வாரியத்துக்கும் போய்விடும். விற்பனை முறிந்தாலும், தோற்றுப்போன அமைப்பைச் சரிசெய்யும் கடமை வீட்டுக்காரர் தலையில் நிற்கும். ஐயோவா மாநிலத்தில் 2009 ஜூலை முதல் கைமாறும் நேரத்து ஆய்வு கட்டாயம்.

வாங்குபவருக்குக் கெடு வைப்பது இன்னொரு வகை. பிரான்சில் விற்பவர் 3 வருடத்துக்கு உட்பட்ட ஆய்வு அறிக்கையைப் பத்திரத்தோடு இணைக்க வேண்டும். அதில் குறை சொல்லியிருந்தால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்ய வேண்டும். அதாவது குறையைக் கண்டுபிடித்துச் சொல்வது விற்பவர் செலவு, பேரம் பேசாவிட்டால் தீர்ப்பது உங்கள் செலவு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 2016 முதல் கைமாறும் வீட்டில் பழைய கழிவுக்குழி இருந்தால் ஒரு வருடத்துக்குள் அகற்ற வேண்டும்.

எழுதித் தர வேண்டும் என்பது மூன்றாவது வகை. இங்கிலாந்தில் விற்பவர், கழிவுநீர் அமைப்பு என்ன வகை, எங்கே இருக்கிறது, என்ன மாற்றம் செய்யப்பட்டது, எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதை வாங்குபவருக்கு எழுத்தில் தர வேண்டும். அங்கே செப்டிக் டேங்கிலிருந்து நேராக ஓடைக்கோ ஆற்றுக்கோ நீரை விடுவது அனுமதிக்கப்படுவதில்லை. பழைய இணைப்புகளை 2020 ஜனவரி 1-க்குள் மாற்றக் கெடு வைத்தார்கள். கெடு முடிந்தும் மாற்றாத வீடு இன்று விற்பனைக்கு வந்தால், அதை மாற்றும் செலவைப் பேரத்தில் எடுத்தாக வேண்டும்.

இப்படி எந்தக் கட்டாயமும் இல்லாத இடங்கள் ஏராளம். இந்தியாவில் பத்திரம் பதியும்போது யாரும் செப்டிக் டேங்க் சான்றிதழ் கேட்பதில்லை. சட்டம் கேட்கவில்லை என்றால் நீங்கள்தான் கேட்க வேண்டும். மண்ணுக்கு எல்லா நாட்டிலும் ஒரே விதிதான்.

ஆகவே ஒப்பந்தம் போடும்போதே ஒரு நிபந்தனையை எழுதிக்கொள்ளுங்கள்: கழிவுநீர் அமைப்பின் ஆய்வு திருப்தியாக இல்லாவிட்டால் முன்பணம் திரும்ப வரும், அல்லது விலை மறுபடி பேசப்படும். ஆய்வாளரை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஆய்வு செய்பவரே பழுதுபார்க்கும் வேலைக்கும் விலை சொன்னால், இன்னொருவரிடமும் கேளுங்கள். குறை கண்டுபிடிக்கப்பட்டால் மூன்று வழி உண்டு: விற்பவரே சரிசெய்து தருவது, விலையைக் குறைப்பது, விற்பனைத் தொகையில் ஒரு பகுதியை வேலை முடியும் வரை மூன்றாமவரிடம் நிறுத்திவைப்பது. சின்ன வேலைகளுக்கு முதல் வழி போதும். உறிஞ்சு நிலமே மாற வேண்டும் என்றால் விலையைக் குறைத்து நீங்களே செய்வதை விரும்புவேன். போகிறவர் செய்யும் வேலையில் மலிவு பார்ப்பார், இருக்கப்போகிறவர் தரம் பார்ப்பார். ஆனால் அந்த மனையில் புது அமைப்புக்கு அனுமதி கிடைக்கும் என்பதை எழுத்தில் பார்க்காமல் இந்த வழிக்குப் போகாதீர்கள்.

விற்பவராக இருந்தால், வீட்டை விளம்பரம் செய்வதற்குச் சில மாதம் முன்பே நீங்களாக ஆய்வு செய்துகொள்ளுங்கள். அவகாசம் இருக்கும்போது டீ குழாய் மாற்றுவதும், மூடியைத் தரைமட்டத்துக்கு உயர்த்துவதும் எளிது. பத்திரத் தேதி நெருங்கிய பிறகு அதே வேலைக்கு நீங்கள் பேரம் பேசும் நிலையில் இருக்க மாட்டீர்கள். காலி செய்த ரசீதுகளை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஒழுங்கான ரசீதுகளைப் பார்த்தாலே வாங்குபவரின் பாதிச் சந்தேகம் தீரும். தெரிந்த குறையை மறைக்காதீர்கள். மறைத்து விற்றது பின்னால் தெரிந்தால் வழக்கில் போய் நிற்கும் நாடுகள் பல. டேங்கில் போடும் பாக்டீரியாப் பொடிகளை வாங்கிக் கொட்டிக் கோளாறைத் தீர்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். தேவையான பாக்டீரியா கழிவிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. அடைத்துப்போன மண்ணைப் பொடி திறக்காது.

சாவி கைமாறும் நாளில் வரைபடம், அனுமதித் தாள், ரசீதுகள் எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். மோட்டாரோ காற்றூட்டும் கருவியோ உள்ள அமைப்பானால், அதன் பராமரிப்பு ஒப்பந்தத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். அப்புறம் விற்பவரோடு நடந்துபோய் ஒவ்வொரு மூடியையும் நேரில் பாருங்கள். துருப்பிடித்த இரும்பு மூடியும் விரிசல் விட்ட கான்கிரீட் மூடியும் புல்லுக்கு அடியில் மறைந்திருக்கும். குழந்தைகள் ஓடியாடும் இடமாக இருக்கும். சந்தேகம் இருந்தால் அன்றே மாற்றுங்கள். என்ன காரணத்துக்காகவும், எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், யாரையும் தொட்டிக்குள் இறங்க விடாதீர்கள். உள்ளே இருக்கும் வாயு சில மூச்சிலேயே ஆளை மயக்கிக் கொல்லும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து. இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய பாதுகாப்பு இல்லாமல் ஒருவரை அப்படி இறக்குவது குற்றம். உள்ளே விழுந்த டீ குழாயை எடுப்பதானாலும், அடிக்கசடைக் கிளறுவதானாலும், வெளியே நின்றபடி நீளக் கருவியாலும் லாரிக் குழாயாலும் செய்யத் தெரிந்தவரையே கூப்பிடுங்கள்.